ரெண்டு ஓவர்ல வந்துடறோம்

போன வாரம் எங்கள் ஹெச்.ஆர். மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். கேன்டீன் வாசலில் ஒட்டுவதற்கு ஒரு போஸ்டர். நம் நாட்டுக்கு டெஸ்ட் மேட்ச் ஆட வந்துபோனதே ஒரு சின்ன டீம், தோற்றாலும் என்னமாய்ப் போராடினார்கள், அதைப் பற்றித் தமிழிலும் தெலுங்கிலும் நாலு வரி வேண்டும், நம் வொர்க்கர்களுக்கு ஒரு உற்சாகமாக இருக்கும் என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கலர் பிரிண்ட் போட்டு ஒட்டியும் விட்டார்கள். அன்றிலிருந்து நான் கேன்டீன் பக்கம் போவதில்லை. டிஃபன் பாக்ஸைத் திறந்து என் டேபிளிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்லத்தான் போகிறேன். வழக்கம்போலச் சிரித்துவிட்டுப் போகலாம் என்று இந்தப் பக்கத்தைப் பிரித்தவர்கள் இந்த ஒரு வாரம் என்னை மன்னிக்கவேண்டும்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்... நான் திருப்பதியில் குடியிருந்துகொண்டு ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகிறவன். ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி டிபார்ட்மென்ட். எழுத்து வாரத்தில் ஒரு நாள், ஹெல்மெட் மற்ற ஆறு நாள். புத்தூர், நாகலாபுரம், சத்தியவேடு என்று ஒரு வேன் எங்களை அள்ளிக்கொண்டு போகும். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். இவ்வளவு நேரம் மனிதர்களை ஒரே டப்பாவில் அடைத்தால் என்ன பேசுவார்கள்? அரசியல் பேசினால் சண்டை வருகிறது. கம்பெனியைப் பேசினால் யாராவது போய்ப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் கிரிக்கெட்.

எங்கள் வேனில் கிரிக்கெட்டுக்கு ரெண்டு பீடாதிபதிகள் உண்டு. ஒருவர் பரந்தாமன். அரக்கோணத்துக்காரர், குவாலிட்டி டிபார்ட்மென்ட். தோற்கிற டீம் எதுவோ அதன் ரசிகர். இன்னொருவர் சீனு. சித்தூர்க்காரர், மெயின்டெனன்ஸ். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். நம் டீம் ஜெயிக்காத மேட்ச் எதுவுமே ஃபிக்ஸிங் என்பது அவருடைய சித்தாந்தம்.

அந்த டெஸ்டின் நாலாவது நாள் காலை. வந்த டீம் ஃபாலோ ஆன் வாங்கி, ரெண்டாவது இன்னிங்ஸிலும் ரெண்டு விக்கெட்டைப் பறிகொடுத்திருந்தது. லஞ்சுக்குள்ள "அயிபோதுந்தி சார்", முடிஞ்சிடும், மிச்ச நேரத்துக்கு நம்ம பசங்க திருமலை ஏறிட்டு வந்துடலாம் என்று சீனு மேட்சையே முடித்துவைத்துவிட்டார். பரந்தாமன் விடவில்லை. அவர்கள் ஊரில் ஒழுங்கான மைதானம் கிடையாது, போர்டுக்குக் காசு கிடையாது, பாதிப் பேருக்கு வேறு வேலை இருக்கிறது, இருந்தும் நிற்கிறார்களே, அது என்ன குணம் என்று கேட்டார். அது குணமில்லை, நம்ம பௌலர்கள் காட்டும் கருணை என்றார் சீனு.

நான் என் பங்குக்கு ஒரு கருத்தைப் போட்டேன். இந்தப் 'போராட்ட குணம்' என்ற சர்டிஃபிகேட்டை நாம் ஜெயிப்பவனுக்குக் கொடுப்பதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? பெரிய டீம்காரன் கட்டை போட்டால் கிளாஸ். சின்ன டீம்காரன் அதே கட்டையைப் போட்டால் போராட்ட குணம். தோற்கப்போகிறவனுக்கு முன்கூட்டியே கொடுக்கிற ஆறுதல் பரிசு அது. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் என் கருத்து பிடித்திருந்தது. பத்தியில் எழுதலாம் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

அப்போது கடைசி சீட்டிலிருந்து முனிரத்தினம் சொன்னான்.

"குணம்லாம் ஒண்ணுமில்ல சார். வுட்டுட்டுப் போறதுக்கு அவனுக்கு வேற எடம் இல்ல. அதான் நின்னுக்கினு கீறான்."

முனிரத்தினத்தைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். நாகலாபுரத்துக்கு அப்பால், எல்லையை ஒட்டிய ஒரு கிராமம். முப்பது வயதைத் தாண்டியவன், ரெண்டு பெண் குழந்தைகள். எங்கள் கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி, ஆறு வருஷமாக. இந்த 'ஆறு வருஷம்' என்று நான் சொல்வதுதான் பிரச்சினை. கம்பெனிக் கணக்குப்படி அவன் ஆறு வருஷமாக இல்லை.

எப்படி என்றால்... ஒவ்வொரு வருஷமும் முடிய ஒரு மாதம் இருக்கும்போது கான்ட்ராக்டரின் ஆள் ஒரு கட்டுக் காகிதத்தோடு வருவார். 'என் சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு நிற்கிறேன்' என்று அச்சடித்த காகிதம். எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும். ஐந்து நாள் வீட்டில் இருக்கவேண்டும். ஆறாவது நாள் திரும்பி வந்தால் புது நம்பர், புது கேட் பாஸ், புது வேலை. புது ஆள். இப்படியே போனால் அவன் சாகும்வரை பர்மனென்ட் கேட்க முடியாது.

புது ஆள் என்றால் புதிதாகச் சேருகிறவர்களுக்கான பாதுகாப்பு வகுப்பில் உட்காரவேண்டுமே? அந்த வகுப்பை எடுப்பவன் நான்.

ஆறு தடவை முனிரத்தினத்துக்கு நான் ஹெல்மெட் எப்படி மாட்டுவது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த லைனில் பாதிப் பேருக்கு மெஷினைத் தொடக் கற்றுக்கொடுத்தவன் அவன். முதல் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தீயணைப்புக் கருவி எங்கே இருக்கிறது என்று நான் கேட்டால், புதுசாக வந்த பையன்களோடு சேர்ந்து அவனும் கையைத் தூக்குவான். மூணாவது வருஷம் எனக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான். நாலாவது வருஷம் ரெண்டு பேரும் சிரிக்கவில்லை.

இந்த வருஷம் அவன் கையெழுத்துப் போடவில்லை.

அவன் ஒருத்தன்தான் போடவில்லை. இந்த டெஸ்ட் தொடங்குவதற்கு முன்பே கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை, வேன் நாகலாபுரம் வந்தபோது வழக்கமான இடத்தில் டிஃபன் கேரியரோடு நின்றுகொண்டிருந்தான். கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதன் கீழே ஷிஃப்ட் முடியும் வரை உட்கார்ந்திருப்பான். சாயந்திரம் எங்களோடு வேனில் திரும்புவான். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே.

வேனில் அவனுக்கு என்ன மரியாதை தெரியுமா? கடைசி சீட்டுக்காரனை முன்னால் வந்து உட்காரச் சொன்னார்கள். அவன் வரவில்லை. "அஞ்சாவது நாள், நாட் அவுட்" என்று பரந்தாமன் அறிவிப்பார். எல்லோரும் கைதட்டுவோம். பத்தாவது நாள் டபுள் ஃபிகர் என்று கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். ஆமாம், நான்தான். கான்ட்ராக்டர் வேகமாகப் போடுகிறார், ஹெச்.ஆர். ஸ்பின் போடுகிறது, முனி நல்லா கட்டை போடறான் என்றெல்லாம் கமென்ட்ரி ஓடியது. அவனும் லேசாகச் சிரித்துக்கொள்வான். இப்போது யோசித்தால் அது சிரிப்புதானா என்று சந்தேகமாக இருக்கிறது.

நாங்கள் கமென்ட்ரி சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் லேபர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு வந்திருந்தான். ஆபீசர் ஒரு தேதி கொடுத்திருந்தார். நீ ஆறு வருஷமாக விடாமல் வேலை செய்தாய் என்று சொல்ல ஆள் கொண்டுவா, காகிதம் இருந்தால் காகிதமும் கொண்டுவா என்றாராம்.

தேதி கிடைத்த அன்றைக்கு வேனில்தான் கேட்டான்.

"மூணு பேரு வந்து, ஆமா, இவன் வுடாம வேலை செஞ்சிக்கினு இருந்தான்னு சொன்னா போதும் சார். எங்க நைனா காலம் பூரா அடுத்தவன் நெலத்துல கூலி வேலை. அவரு பேரு எந்த ரிஜிஸ்டர்லயும் கெடையாது. எம்பேரு உங்க ரிஜிஸ்டர்ல ஆறு வாட்டி கீது. ஆறு வாட்டியும் புதுசுன்னு கீது."

யாருக்குத்தான் மனசு உருகாது? பரந்தாமன் வருகிறேன் என்றார். சீனு வருகிறேன் என்றார். நான் வருவதோடு, என் வகுப்பு ரிஜிஸ்டரில் அவன் கையெழுத்துப் போட்ட ஆறு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துவருகிறேன் என்றேன். ஆறு வருஷம், ஒரே ஆள், ஒரே கையெழுத்து... இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கம்பெனியில் அந்தத் தேதியில் பவர் ஷட்டவுன், எல்லோருக்கும் லீவு. திருப்பதியில்தான் ஆபீஸ். மூணு மணிக்குக் கூப்பிடுவார்கள்.

அது அந்த டெஸ்டின் ஐந்தாவது நாள்.

ரெண்டே கால் மணிக்கே நாங்கள் மூணு பேரும் அந்தத் தெருவுக்கு வந்துவிட்டோம். முனிரத்தினம் காலையிலிருந்து ஆபீசுக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பார்த்துவிட்டு வெளியே வந்தோம். எதிர்வரிசையில், நாலு கடை தள்ளி ஒரு டீக்கடை. உள்ளே டி.வி. இன்னும் நேரம் இருக்கிறதே, ஒரு டீ குடிக்கலாம் என்று நுழைந்தோம்.

வந்த டீம் அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது. நாலாவது நாள் முழுக்க ஆடி, ஐந்தாவது நாள் காலையும் தாண்டிவிட்டார்கள். எட்டு விக்கெட் போயிருந்தது. ஒன்பதாவது, பத்தாவது ஆட்டக்காரர்கள் ரெண்டு பேர், பேட்டைப் பிடிக்கத் தெரியாதவர்கள், ஒன்றரை மணி நேரமாக அசையவில்லை. சாயந்திரம் வரை தாக்குப்பிடித்தால் டிரா. கடை நிறைய ஆட்கள். பாதிப் பேர் நம் டீமை விட்டுவிட்டு அவர்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

உங்களுக்கு ஒரு விதி தெரிந்திருக்கும். ஒரு ஜோடி நின்று ஆடும்போது பார்க்கிறவன் இடத்தைவிட்டு எழுந்திருக்கக்கூடாது. எழுந்தால் விக்கெட் விழும். படித்தவன், படிக்காதவன் என்ற வித்தியாசம் கிடையாது. டீ ஆறினாலும் சரி, கால் மரத்தாலும் சரி, உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருக்கவேண்டும். பரந்தாமன் அந்த ஜோடி நிற்கவேண்டும் என்று எழுந்திருக்கவில்லை. சீனு அந்த ஜோடி உடைகிறவரை எழுந்திருக்கமாட்டேன் என்றார். நடுவில் நான். மடியில் ரெக்ஸின் பை, பைக்குள் ஆறு பக்கம் ஜெராக்ஸ்.

மூணு மணிக்கு போன் வந்தது. "சார், கூப்ட்டாங்க." இதோ, ரெண்டு ஓவர்ல வந்துடறோம் என்றேன்.

மூணு பத்துக்கு மறுபடி. கான்ட்ராக்டர் பக்கம் நாலு பேர் வந்திருக்கிறார்கள், அவனுடைய பழைய ராஜினாமாக் கடிதங்களைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றான். குரல் தணிந்திருந்தது. இதோ, கிளம்பிட்டோம், ரெண்டே ஓவர் என்றேன். கிளம்பிவிட்டோம் என்று சொன்னேன் பாருங்கள், அது பச்சைப் பொய்.

மூணு இருபதுக்கும் போன் வந்தது. நான் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வரவில்லை.

இத்தனை வருஷமாக உங்களிடம் எதையும் மறைத்ததில்லை. இதையும் மறைக்கப் போவதில்லை. என்னை அந்த பெஞ்சில் உட்கார வைத்தது கிரிக்கெட் இல்லை. நான் உள்ளே போனால் என் பெயரை எழுதிக்கொள்வார்கள். ரிஜிஸ்டர் எப்படி வெளியே வந்தது என்று மறுநாள் கேட்பார்கள். ரிட்டயர்மென்ட்டுக்கு நாலு வருஷம் இருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்கும்போது இருந்த தைரியம், அந்தத் தெருவுக்குள் கால் வைத்தபோதே பாதியாகிவிட்டது. மீதியைக் கரைக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. எங்கோ ஒரு மைதானத்தில் ரெண்டு அந்நியர்கள் அதைக் கொடுத்தார்கள். பரந்தாமனையும் சீனுவையும் திரும்பிப் பார்த்தேன். அவர்களும் டி.வி.யைத் தவிர வேறு எங்கும் பார்க்கவில்லை. சிமென்ட் போட்டு ஒட்டியதுபோல உட்கார்ந்திருந்தோம். மூணு பேருக்கும் தெரியும்.

நாலு மணி சுமாருக்கு அந்த ஜோடி உடைந்தது. அடுத்த ஓவரில் கடைசி விக்கெட்டும் போய்விட்டது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் டிரா. டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்று தோற்றவர்களுக்குக் கைதட்டினார்கள். நாங்களும் எழுந்தோம். பரந்தாமனுக்குக் கண் கலங்கிவிட்டது. கைதட்டினோம்... வெட்கமில்லாமல், நன்றாக, சத்தம் வரும்படி.

தெருவைத் தாண்டிப் போனபோது முனிரத்தினம் ஆபீஸ் படிகளில் இறங்கி வந்துகொண்டிருந்தான். கையில் ஒரு மடித்த காகிதம். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டிருந்தான். இனிமேல் ஆள் எடுக்கும்போது இவனையும் 'பரிசீலிப்பார்களாம்'. ஆபீசர் நல்ல மனுஷன்தான், அரை மணி நேரம் காத்திருந்தார், சாட்சி எங்கே என்று மூணு தடவை கேட்டார் என்றான். அதைச் சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை.

ஜெராக்ஸ் கடையில் கூட்டம் என்று ஏதோ உளறினேன். அவன் டீக்கடையைப் பார்த்தான். உள்ளே டி.வி.யில் பரிசளிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

"மேட்ச் என்னாச்சு சார்?"

தோற்றுவிட்டார்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தான். ரெக்ஸின் பையை நான் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை வேன் நாகலாபுரத்தில் நின்றது. பழக்கதோஷம். டிரைவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு எடுத்தார். வழக்கமான விவாதம் தொடங்கியது. இது தோல்வியே இல்லை என்றார் பரந்தாமன். ரெண்டு நாள் நின்றார்களே, இனிமேல் எந்த டீமும் அவர்களை லேசாக நினைக்காது என்றார். சீனுகூட, ஆமாம், பரவாயில்லை, தம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. யாரும் கடைசி சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பரந்தாமனுக்கு என்ன தோன்றியதோ, போனை எடுத்து முனிரத்தினத்தைக் கூப்பிட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். வேனே உன்னைப் பற்றித்தான் பேசுகிறது முனி, ஜெயிக்கிறது தோற்கிறது பெரிசில்லை, கடைசி வரைக்கும் நின்றாயே, அந்த டீம் மாதிரி, அதுதான் பெரிசு என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் கொடுமை.

அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் ஓசை கேட்டது. யாருடைய நிலத்திலோ தண்ணீர் பாய்ச்சும் வேலைக்குப் போயிருந்தான்.

"அவங்க பதினோரு பேர் வந்தாங்க சார்," என்றான். "ஒருத்தன் அவுட்டாய்ப் போனா, இன்னொருத்தன் பேட்டை எடுத்துக்கினு வந்தான்."

லைன் கட்டாகிவிட்டது. நான் வேனுக்குள் தலைகளை எண்ணிப் பார்த்தேன், டிரைவரையும் சேர்த்து. பத்துப் பேர் இருந்தோம்.

அவனையும் சேர்த்தால் ஒரு டீம்.